ஒரு பெரிய எண்ணை முழுசாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி? 1,15,61,256-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் பண்புகளைக் கேட்டால், புதியவர்கள் பலர் வர்க்கமூலத்தை அழுத்திப் பார்ப்பார்கள், அல்லது வகுத்திகளை 1, 2, 3 என்று வரிசையாகத் தேடத் தொடங்குவார்கள். இரண்டுமே நேர விரயம். எண்ணை முதலில் பகாக் காரணிகளாகப் பிரித்து, அந்தப் பிரிப்பு சரிதான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வகுத்திகளின் எண்ணிக்கை, அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லர் மதிப்பு (அந்த எண்ணுக்குள், அதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது), இரு வர்க்கங்களாக எழுதும் வழிகள் எல்லாம் அதற்குப் பிறகு சில பெருக்கல்களில் வந்துவிடும். பிரிப்பில் ஒரு பிழை இருந்தால் அத்தனையும் பிழை.

எடுத்துக்காட்டாக 1,15,61,256-ஐ எடுத்துக்கொள்வோம். பார்வைக்குச் சாதுவான எண்தான். ஆனால் வழக்கமாக ஆட்கள் வழுக்கி விழும் இடங்களில் பெரும்பாலானவை இதற்குள் இருக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

100 வரையிலான 25 பகா எண்கள், தாளும் பேனாவும், சாதாரணக் கணிப்பான். இந்த எண்ணுக்கு இவை போதும். பதினைந்து இலக்கத்தைத் தாண்டும் எண் என்றால் பைத்தான் போல, முழு எண்ணை எத்தனை இலக்கமானாலும் அப்படியே வைத்திருக்கும் மொழி ஒன்று தேவை.

அடுக்கு விதிகளும், மீதியை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கும் பழக்கமும் இருந்தால் 5-ஆம் படியில் தடுமாற்றம் இருக்காது.

2. எண்ணை மூன்று மூன்று இலக்கமாகத் திருப்பி எழுதுங்கள்

நாம் கோடி, லட்சம் என்று காற்புள்ளி போடுவோம்: 1,15,61,256. படிக்க இது நல்லது. வகுபடும் தன்மையைச் சோதிக்க வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்ட வேண்டும்: 11 | 561 | 256.

காரணம் 1001 = 7 × 11 × 13 என்பது. 1000-ஐ 1001-ஆல் வகுத்தால் மீதி −1. ஆகவே மூன்றிலக்கத் துண்டுகளை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் வரும் விடைக்கும் மூல எண்ணுக்கும் 7, 11, 13 ஆகியவற்றில் ஒரே மீதி கிடைக்கும்.

256 − 561 + 11 = −294. இது 7-ஆல் வகுபடும். 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது.

இதையே லட்சக் காற்புள்ளிகளை நம்பிச் செய்தால் 256 − 61 + 15 − 1 = 209 என்று வரும். 209 = 11 × 19. அதாவது 7 வகுக்காது, 11 வகுக்கும் என்று நேர் தலைகீழான விடை! கணக்கில் ஒரு தப்பும் இருக்காது, வெட்டிய இடம்தான் தப்பு. அதனால் எவ்வளவு சரிபார்த்தாலும் கண்ணில் படாது.

3. கடைசி இலக்கங்களும் இலக்கக் கூட்டுத்தொகையும்: எவ்வளவு நம்பலாம்

முதலில் 2. கடைசியில் 256 இருப்பதைப் பார்த்ததும் '2-இன் எட்டாம் அடுக்கு' என்று கை பரபரக்கும். 1000 = 2³ × 5³, அதில் 2-இன் அடுக்கு மூன்றுதான். ஆகவே கடைசி மூன்று இலக்கங்கள் 8 வரைதான் சாட்சி சொல்லும். 16-க்கு நான்கு இலக்கம் பார்க்க வேண்டும்: 1256 ÷ 16 = 78.5. வகுபடவில்லை. எனவே 2-இன் அடுக்கு சரியாக 3.

அடுத்து 3. இலக்கக் கூட்டுத்தொகை 1+1+5+6+1+2+5+6 = 27. 9 வகுக்கும், சந்தேகமில்லை. 27 வகுக்குமா? கூட்டுத்தொகை 27 என்பதால் ஆம் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால்தான் இலக்கங்களைக் கூட்டும் முறை 9-க்கு வேலை செய்கிறது. 27-ஆல் வகுத்தால் மீதி 10, அந்த முறை அங்கே செல்லாது.

27-க்கும் ஒரு வழி உண்டு. 999 = 27 × 37 என்பதால் மூன்றிலக்கத் துண்டுகளை அப்படியே கூட்டினால் போதும்: 256 + 561 + 11 = 828. இதை 27-ஆல் வகுத்தால் மீதி 18, 37-ஆல் வகுத்தால் மீதி 14. ஒரே கூட்டலில் இரண்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது. 3-இன் அடுக்கு 2-தான்.

5: கடைசி இலக்கம் 6, எனவே இல்லை.

7 உண்டு என்று ஏற்கனவே பார்த்தோம். −294 என்பது 49-ஆலும் வகுபடும். ஆனால் அதை வைத்து 49 வகுக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. 1001-இல் 7 ஒரு முறைதான் இருக்கிறது, எனவே அந்தச் சோதனைக்கு 49 பற்றிப் பேச உரிமையில்லை. இந்த எண்ணில் முடிவு தற்செயலாக ஒத்துப்போகும், அடுத்த எண்ணில் போகாது. நேராக வகுத்தே பாருங்கள்.

4. வகுத்து இறங்குங்கள், சிறியதிலிருந்து

1,15,61,256 ÷ 8 = 14,45,157
14,45,157 ÷ 9 = 1,60,573
1,60,573 ÷ 7 = 22,939
22,939 ÷ 7 = 3,277
3,277 ÷ 7: மீதி 1, இனி 7 இல்லை

சிறிய பகா எண்ணில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஓர் எண்ணுக்குத் தன் வர்க்கமூலத்துக்குள் பகாக் காரணி இல்லையென்றால் அது பகா எண். மூல எண்ணின் வர்க்கமூலம் 3400-க்குச் சற்று மேல், அதற்குள் நானூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள். 3277-க்கு வந்ததும் எல்லை 57 ஆகச் சுருங்கிவிட்டது. சோதிக்க மிச்சம் 11 முதல் 53 வரை பன்னிரண்டே எண்கள்.

ஒவ்வொரு முறை வகுபட்டதும் எல்லையைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய எல்லை வரை ஓடுகிற ஆட்கள் (நிரல்களும்) நிறைய. ஒரு காரணி கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவாமல், அதே எண்ணால் மறுபடியும் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது 7-ஐத் தவறவிடுவது இப்படித்தான்.

5. மிச்சம் இருப்பது பகா எண்ணா? இங்கேதான் நிதானம் வேண்டும்

3277 ஒற்றைப்படை, 7-இல் முடிகிறது, 2, 3, 5, 7 எதுவும் வகுக்கவில்லை. பகா எண் என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றும். கணினியில் வேலை செய்பவர் ஃபெர்மா சோதனை வைப்பார்: 2-ஐ 3276-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 3277-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா? வருகிறது.

கையாலேயே பார்த்துவிடலாம். 2¹⁴ = 16,384. 3277 × 5 = 16,385. ஆகவே 2¹⁴-இன் மீதி −1, 2²⁸-இன் மீதி 1. 3276 = 28 × 117, எனவே 2³²⁷⁶-இன் மீதியும் 1.

சரி, இன்னும் கடுமையான மில்லர்–ரேபின் சோதனை? அதில் 3276-இலிருந்து 2-களை எல்லாம் நீக்கிய ஒற்றைப்படை அடுக்கில் தொடங்க வேண்டும்; மீதி முதலிலேயே 1 ஆகவோ, 3276-ஆம் அடுக்கை எட்டுமுன் வர்க்கப்படுத்தும் வழியில் −1 ஆகவோ வந்தால் தேர்ச்சி. 3276 = 4 × 819. 819 = 28 × 29 + 7 என்பதால் 2⁸¹⁹-இன் மீதி 2⁷ = 128. அதை வர்க்கப்படுத்தினால் 16,384, அதாவது −1. இதிலும் 3277 தேறிவிட்டது. ஆனாலும் அது பகா எண் அல்ல!

அடிமானத்தை 3 ஆக்கினால் குட்டு வெளிப்படும்: 3³²⁷⁶-இன் மீதி 1567, 1 அல்ல. பகா எண்ணாக இருந்தால் 1 வந்தே தீர வேண்டும். 'ஒரே அடிமானத்தில் தேறியது' என்பது 'பகா எண் போலத் தெரிகிறது' என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. 2, 3 இரண்டிலும் மில்லர்–ரேபின் தேறினால் 13,73,653-க்குக் கீழுள்ள எண்களுக்கு அது உறுதியான முடிவு. 2, 3, 5, 7 நான்கும் சேர்ந்தால் 3,21,50,31,751-க்குக் கீழ் உறுதி. முதல் பன்னிரண்டு பகா எண்களையும் (37 வரை) வைத்தால் 2⁶⁴ வரை கவலையில்லை.

இந்த அளவு சிறிய எண்ணுக்கு வகுத்துப் பார்ப்பதே எளிது:

11: மீதி 10
13: மீதி 1
17: மீதி 13
19: மீதி 9
23: மீதி 11
29: மீதி 0, ஈவு 113

113-க்குத் தனிச் சோதனை வேண்டாம். 29-க்குக் கீழுள்ள எந்தப் பகா எண்ணும் 3277-ஐ வகுக்கவில்லை, ஆகவே 113-ஐயும் வகுக்காது. 113 < 29². முடிந்தது.

1,15,61,256 = 2³ × 3² × 7² × 29 × 113

6. திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள், ஆனால் 9-ஐ வைத்து அல்ல

பழக்கத்தில் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் சரிபார்ப்போம். இங்கே அது பயன்படாது. காரணிகளில் 9 இருப்பதால் மற்றவை எப்படித் தப்பாக இருந்தாலும் மீதி 0-தான் வரும். 113-க்குப் பதில் 131 என்று எழுதியிருந்தாலும் அது கண்டுபிடிக்காது.

எண்ணை வகுக்காத ஒன்றை எடுங்கள். 11 நல்லது. மூல எண்ணில் வலமிருந்து மாறி மாறி: 6−5+2−1+6−5+1−1 = 3. காரணிகளின் 11-மீதிகள் 8, 9, 5, 7, 3. பெருக்குவோம்: 8 × 9 = 72, மீதி 6. 6 × 5 = 30, மீதி 8. 8 × 7 = 56, மீதி 1. 1 × 3 = 3. பொருந்துகிறது.

7. வகுத்திகளின் எண்ணிக்கை

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 3 × 2 × 2 = 144.

அந்த 1 எதற்கு? 2³-இலிருந்து 2-ஐ 0, 1, 2, 3 முறை எடுக்கலாம், நான்கு வழிகள். 'எடுக்காமல் விடுவது' என்ற வழியை மறந்து 3 × 2 × 2 × 1 × 1 = 12 என்று எழுதுவோர் உண்டு.

எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டுமென்றால் 2³ × 3² × 7² = 3528-இன் 36 வகுத்திகளை மட்டும் எழுதி, அந்த வரிசையை 1, 29, 113, 3277 ஆகியவற்றால் பெருக்குங்கள். 36 × 4 = 144. ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரட்டிக்காது. இவற்றில் 36 ஒற்றைப்படை, 108 இரட்டைப்படை.

8. வகுத்திகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இலிருந்து அதன் முழு அடுக்கு வரை கூட்டுங்கள்:

2³: 1+2+4+8 = 15
3²: 1+3+9 = 13
7²: 1+7+49 = 57
29: 30
113: 114

பெருக்கினால் 15 × 13 × 57 × 30 × 114 = 3,80,13,300.

வழக்கமான தப்பு, 8-க்கு 1+8 = 9 என்றும் 49-க்கு 1+49 = 50 என்றும் இடைப்பட்ட அடுக்குகளை விட்டுவிடுவது.

மூல எண்ணைக் கழித்தால் 2,64,52,044. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரியது, ஆகவே இது மிகை எண். இதைச் சொல்லப் பெருக்கல்கூட வேண்டியதில்லை. 6 ஒரு நிறைவு எண் (1+2+3 = 6), அதைவிடப் பெரிய அதன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தான்.

9. ஆய்லர் மதிப்பும் அதன் சின்னத் தம்பியும்

1 முதல் நம் எண் வரை, அதனுடன் பொதுக் காரணி (1 தவிர) இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகா அடுக்குக்கும் தனித்தனியே: 8-க்கு 4, 9-க்கு 6, 49-க்கு 42, 29-க்கு 28, 113-க்கு 112. பெருக்கினால் 31,61,088.

49-இல்தான் சறுக்குவார்கள். சிலர் 48 என்பார்கள், சிலர் 6² = 36 என்பார்கள். 49-க்குள் 7-இன் மடங்குகள் ஏழு. 49 − 7 = 42.

வேறு பாதையில் சரிபார்க்க, மூல எண்ணை 1/2, 2/3, 6/7-ஆல் பெருக்கினால் 33,03,216. அதை 28/29-ஆல் பெருக்கினால் 31,89,312. பிறகு 112/113-ஆல்: 31,61,088.

ஆய்லர் தேற்றப்படி, பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணையும் 31,61,088-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. உண்மையில் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. 2, 6, 42, 28, 112 ஆகியவற்றின் மீ.பொ.ம. 336 போதும். 8-க்கு 4 எடுக்காமல் 2 எடுத்ததைக் கவனியுங்கள். எந்த ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 1-தான். இந்த 336-க்குக் கார்மைக்கேல் மதிப்பு என்று பெயர். பெரிய அடுக்குகளின் மீதி காணும்போது அடுக்கை 336-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் வேலை வெகுவாகக் குறையும்.

10. வர்க்க எண்ணா?

கடைசி இலக்கங்கள் 256 (16² = 256), இலக்கக் கூட்டுத்தொகை 9-இன் மடங்கு. வர்க்க எண்ணுக்குரிய வெளி அடையாளங்கள் இரண்டும் இருக்கின்றன. போதாக்குறைக்கு 3400² = 1,15,60,000, வித்தியாசம் 1,256 மட்டுமே. ஆனாலும் 2, 29, 113 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றைப்படை, ஆகவே வர்க்கம் அல்ல.

இரட்டை அடுக்குகளை வெளியே எடுத்தால் 1,15,61,256 = 42² × 6554. வர்க்கமூலம் 42√6554. வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண்ணும் அதே 6554-தான் (2 × 29 × 113).

11. இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுதல்

விதி: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாம் இரட்டை அடுக்கில் இருந்தால் மட்டுமே முடியும். இங்கே அப்படிப்பட்டவை 3-உம் 7-உம். இரண்டின் அடுக்கும் 2. முடியும். 4-ஆம் படியில் இரண்டாவது 7-ஐத் தவறவிட்டவர் இங்கே 'முடியாது' என்று தவறாக எழுதியிருப்பார்.

3-ஐயும் 7-ஐயும் 21² ஆக ஒதுக்கிவையுங்கள். 29 = 5² + 2², 113 = 8² + 7². பெருக்கும்போது குறியை இருவிதமாக எடுக்கலாம்:

(5×8 + 2×7)² + (5×7 − 2×8)² = 54² + 19² = 3277
(5×8 − 2×7)² + (5×7 + 2×8)² = 26² + 51² = 3277

8-ஆல் பெருக்க, இரண்டு எண்களின் கூட்டலையும் கழித்தலையும் எடுத்து இரட்டியுங்கள்: 54, 19 என்பது 146, 70 ஆகும். 26, 51 என்பது 154, 50 ஆகும். பிறகு 21-ஆல் பெருக்க:

1,15,61,256 = 3066² + 1470²
1,15,61,256 = 3234² + 1050²

வரிசை மாற்றத்தையும் குறி மாற்றத்தையும் விட்டுவிட்டால் வேறு வழி கிடையாது. 29, 113 ஆகிய இரண்டின் அடுக்கும் 1 என்பதால் மொத்தம் 4 × 2 × 2 = 16 எழுத்துமுறைகள். ஒவ்வொரு சோடியும் எட்டு தருகிறது, ஆகவே இரண்டு சோடிகள்.

12. இரும வடிவமும் தசம விரிவும்

இரும வடிவம்: 1011 0000 0110 1001 0010 1000. 24 இலக்கங்கள், ஒன்பது 1-கள். கடைசியில் மூன்று சுழியங்கள் 2-இன் அடுக்கு 3 என்பதை மறுபடியும் உறுதி செய்கின்றன.

1-ஐ இந்த எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பின் முதல் மூன்று இலக்கங்கள் சுழலில் சேராது (2³ காரணம்). பிறகு 336 இலக்கச் சுழல். 49-க்கு 42, 29-க்கு 28, 113-க்கு 112 என்ற சுழல் நீளங்களின் மீ.பொ.ம. அது.

13. எண் இன்னும் பெரிதானால்

முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். விரிதாள் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்திருக்காது, மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். மிதவைப் புள்ளி எண்கள் 2⁵³ = 9,00,71,99,25,47,40,992-ஐத் தாண்டியதும் எல்லா முழு எண்களையும் பிரித்தறியாது. அந்த எண்ணுடன் 1 கூட்டினால் அதே எண் திரும்பி வரும். வர்க்கமூலத்தை முழு எண்ணாகவே கணக்கிடுங்கள். கிடைத்ததையும் அதற்கு அடுத்ததையும் வர்க்கப்படுத்தி, மூல எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வகுத்துப் பார்ப்பதைப் பத்து லட்சம் வரை செய்யலாம், அதில் 78,498 பகா எண்கள்தான். அதன் பிறகு மிச்சம் 10¹²-க்குக் கீழ் இருந்தால் அது பகா எண், சோதனை வேண்டாம். மேலே இருந்தால் மில்லர்–ரேபின். பகு எண் என்று தெரிந்தால் அது வர்க்கமா, கனமா என்று பார்த்துவிடுங்கள்.  அதற்குப் பிறகே போலார்டின் ரோ முறை (மீதிகளின் வரிசை ஒன்று சுழலத் தொடங்குவதை வைத்துக் காரணியைப் பிடிப்பது). அதன் உழைப்பு மிகச் சிறிய காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டியது. 12 இலக்கக் காரணி என்றால் சுமார் பத்து லட்சம் படிகள், கணினிக்கு அது ஒன்றுமில்லை. 20 இலக்கத்தைத் தாண்டினால் நீள்வளைய வளைகோட்டு முறைக்கு மாறுவது நல்லது. இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலாக வேண்டுமென்றே கட்டப்பட்ட எண்களிடம் இவை எதுவும் பலிக்காது. 250 இலக்கமுள்ள ஆர்எஸ்ஏ-250, 2020-இல் எண் புலச் சல்லடை முறையில்தான் உடைந்தது.

எண்ணுக்கு ஒரு வடிவம் இருந்தால் இதையெல்லாம் தொடங்குமுன் அதைப் பயன்படுத்துங்கள். 10¹² − 1 வந்தால் (10⁶ − 1)(10⁶ + 1) என்று முதலில் உடையுங்கள். 2¹¹ − 1 = 2047 போல அடுக்கு ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், பகாக் காரணிகள் எல்லாம் 22-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் (அடுக்கின் இருமடங்கு 22). முதலில் சோதிக்க வேண்டியது 23. 23 × 89 = 2047.